பூஜ்யமும் வெற்றிடமும்: 1936-46, தொலைந்துபோன பத்து வருஷம்

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லையென்றால் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவேன். பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. வீட்டில் பால்கோவா வாங்கி வரப் போவதாகச் சொல்வேன். அதுவும் உண்மைதான். ஆனால் நேரம் எல்லாம் போவது பென்னிங்டன் நூலகத்தில். 1875-ல் ஆரம்பித்த நூலகம். அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து பழைய விஷயம் எதையாவது புரட்டிக்கொண்டிருப்பது என் பொழுதுபோக்கு. இந்த வலைப்பூவில் வரும் குறிப்புகளில் பாதி அங்கே பிறந்தவை.

இந்தக் கட்டுரை மட்டும் நூலகத்தில் ஆரம்பிக்கவில்லை, டீக்கடையில் ஆரம்பித்தது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. தொண்ணூறுகளில் அவர் போட்ட பந்துவீச்சை நாங்கள் சின்னப் பையன்களாக எல்லைக்கோட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். கார்க் பந்தை அவர் கையில் கொடுத்தால் எதிர் அணியில் ஒருத்தரும் ஓப்பனிங் இறங்க மாட்டார்கள், அவ்வளவு வேகம். மில்லில் ஷிப்ட் வேலை. மாவட்ட செலக்‌ஷனுக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பகல் ஷிப்ட், மாற்றிவிட ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் போகலாம் என்றார். அடுத்த வருஷம் கல்யாணம். அவ்வளவுதான்.

போன மாசம் டீக்கடை டிவியில் வருண் சக்கரவர்த்தியைப் பற்றி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஒருத்தர், "பாருங்க, ஆர்க்கிடெக்ட் வேலை பாத்தவன், இருபத்தஞ்சு வயசுக்கு மேல திரும்பக் கிரிக்கெட்டுக்கு வந்து இந்தியாவுக்கு ஆடுறான். திறமைன்னு ஒண்ணு இருந்தா என்னைக்கு இருந்தாலும் வெளிய வந்துரும்" என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. திறமை இருந்தா வெளிய வந்துருமா? ஒரு பழைய கணக்கை எடுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

ஏழு டெஸ்ட், அப்புறம் ஒன்றுமே இல்லை

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932 ஜூனில், லார்ட்ஸில். அடுத்து 1933-34-ல் ஜார்டின் அணி இங்கே வந்தபோது மூன்று. அதில் மூன்றாவது சேப்பாக்கத்தில். 1936-ல் இங்கிலாந்தில் மூன்று. மொத்தம் ஏழு டெஸ்ட்.

கடைசி டெஸ்ட் 1936 ஆகஸ்ட் 18-ல் முடிந்தது. அடுத்த டெஸ்ட் ஆரம்பித்தது 1946 ஜூன் 22. நடுவே கிட்டத்தட்ட பத்து வருஷம், ஒரு டெஸ்ட்கூட இல்லை. 1939-40 குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி இந்தியா வருவதாக இருந்தது. உலகப்போர் வந்து அது ரத்து.

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளூர் ஆட்டம் நிற்கவில்லை. போர் நடந்த எல்லா வருஷமும் ரஞ்சி டிராபி நடந்தது. ஆட்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ரன்னும் விக்கெட்டும் குவிந்துகொண்டே இருந்தன. மேலே போகும் ஏணி மட்டும் இல்லை.

ஒரு வேகப்பந்து வீச்சாளனின் நல்ல காலம் தோராயமாக 22 வயதிலிருந்து 31 வரை என்று வைத்துக்கொண்டால், 1915 வாக்கில் பிறந்த ஒருத்தனின் மொத்த நல்ல காலமும் இந்தக் குழிக்குள் விழுந்துவிடும். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். நம்ம மெட்ராஸிலேயே இருந்தார்.

ரங்காச்சாரி: 4 டெஸ்ட், 9 விக்கெட்

சி. ஆர். ரங்காச்சாரி. 1916 ஏப்ரல் 14-ல் செங்கல்பட்டுப் பக்கம் மாமண்டூரில் பிறந்தவர். வலது கை வேகப்பந்து. 1938-39 சீசனில் மெட்ராஸுக்காக முதல்தர ஆட்டத்தில் இறங்கும்போது வயசு 22. சரியான வயசு. ஆனால் டெஸ்ட் கதவு மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, திறக்க இன்னும் எட்டு வருஷம் இருந்தது.

அவர் முதல் டெஸ்ட் ஆடியது 1948 ஜனவரி 23-ல், அடிலெய்டில். வயசு 31 முடிந்து ஒன்பது மாசம். எதிரே பிராட்மேனின் ஆஸ்திரேலியா. அந்த ஆஸ்திரேலியாதான் அடுத்த சில மாசத்தில் இங்கிலாந்து போய் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் திரும்பியது. அடிலெய்டில் பிராட்மேன் 201, ஹாசெட் ஆட்டமிழக்காமல் 198, மொத்தம் 674. ரங்காச்சாரி 141 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். அந்த டெஸ்டை எல்லோரும் விஜய் ஹசாரேவின் இரண்டு சதங்களுக்காக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் 674 ரன் போன ஆட்டத்தில் 31 வயசு அறிமுக வீரன் நாலு விக்கெட் எடுத்ததும் சின்ன விஷயம் இல்லை.

அதே வருஷம் நவம்பரில் டெல்லி. மேற்கிந்தியத் தீவுகள் இந்திய மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட். ஆரம்பத்திலேயே 27 ரன்னுக்கு 3 விக்கெட் போய்விட்டது. முன்வரிசையைத் தகர்த்தது ரங்காச்சாரி. ஆனால் அதற்குப் பிறகு வால்காட், கோமஸ், வீக்ஸ், கிறிஸ்டியானி என்று நாலு பேர் சதம் அடித்து 631-க்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரங்காச்சாரியின் கணக்கு 107-க்கு 5.

மெல்போர்னிலும் பம்பாயிலும் விக்கெட் இல்லை. பம்பாய் டெஸ்டோடு அவர் கதை முடிந்தது. அடுத்த மாசம், 1949 ஜனவரியில், அதே மேற்கிந்தியத் தீவுகள் அணி சேப்பாக்கத்தில் ஆடியது. அணியில் ரங்காச்சாரி இல்லை. சொந்த ஊர் மைதானத்தில் அவர் டெஸ்ட் ஆடவே இல்லை.

இன்றைக்கு எந்தக் கிரிக்கெட் டேட்டாபேஸில் தேடினாலும் ஒரே வரிதான் வரும்: 4 டெஸ்ட், 9 விக்கெட், சராசரி 54.77. இந்த வரியை மட்டும் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? "சுமாரான பவுலர்போல." 23 வயதில், 26 வயதில் அவர் எப்படிப் போட்டிருப்பார் என்ற கேள்வி அந்த வரிக்குள் இல்லை.

ஒரே நாள், இரண்டு மைதானம்

குழியின் அந்தப் பக்கக் கரையில் நின்றவர் எம். ஜே. கோபாலன். 1909-ல் பிறந்தவர். ரஞ்சி டிராபியின் முதல் பந்தை வீசியவர் இவர்தான், 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மைசூருக்கு எதிராக. அதற்குப் பத்து மாசம் முன்னால் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடி ஒரு விக்கெட் எடுத்திருந்தார்.

கோபாலன் ஹாக்கியிலும் அதே அளவு பெரிய ஆள். 1935-ல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய அணியில் இருந்தார். மறுவருஷம் அவருக்கு முன்னால் இரண்டு பயணம். ஒன்று பெர்லின் ஒலிம்பிக், இன்னொன்று இங்கிலாந்து கிரிக்கெட் சுற்றுப்பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கிலாந்தில் மூன்று டெஸ்ட். ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை.

தேதிகளைச் சரிபார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. மூன்றாவது டெஸ்ட் ஓவலில் ஆரம்பித்த நாள் 1936 ஆகஸ்ட் 15. பெர்லினில் ஹாக்கி இறுதிப்போட்டி முதல் நாளே நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போய் நடந்ததும் அதே ஆகஸ்ட் 15. இந்தியா ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. லண்டனில் கோபாலன் பதினொருவரில் இல்லை. மேப்பில் அந்த இரண்டு ஊரையும் வைத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் குழி வந்துவிட்டது. 1946-ல் கதவு திறக்கும்போது கோபாலனுக்கு 37. அவருடைய வரி: 1 டெஸ்ட், 1 விக்கெட். மெட்ராஸும் இலங்கையும் 1952-53 முதல் மோதிய கோப்பைக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2003 வரைக்கும் வாழ்ந்தார்.

மூன்றாவது ஆள் ஏ. ஜி. ராம்சிங். 1910-ல் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர், பேட்டிங்கும் உண்டு. கோபாலன் முதல் பந்தை வீசிய அதே ரஞ்சி ஆட்டத்தில் 35 ரன்னுக்கு 11 விக்கெட் எடுத்தவர் இவர். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ரஞ்சியில் ஆயிரம் ரன், நூறு விக்கெட் என்ற இரட்டைக் கணக்கை முதலில் தொட்டவரும் இவர்தான். டெஸ்ட்? ஒன்றுகூட இல்லை. அவருடைய பிள்ளைகள் கிருபால் சிங், மில்கா சிங் இரண்டு பேரும் டெஸ்ட் ஆடினார்கள். கிருபால் 1955-ல் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். அப்பாவுக்கு மட்டும் அந்த வரியே இல்லை.

1948-ல் இன்னொரு அறிமுகம்

ரங்காச்சாரி அடிலெய்டுக்கும் டெல்லிக்கும் நடுவில் இருந்த அதே 1948-ல், ஜூலை 9-ந் தேதி, அமெரிக்காவில் ஒருவர் அறிமுகமானார். பேஸ்பால். கிளீவ்லேண்ட் இந்தியன்ஸ் அணி. பெயர் சாட்செல் பேஜ். வயசு 42.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அங்கே பந்து எறிபவரை பிட்சர் என்பார்கள், ஆட்டத்தின் பாதி அவர் கையில் இருக்கும். பேஜ் 1920-களின் நடுவிலிருந்து எறிந்துகொண்டிருந்தவர். பெரிய லீக்கில் ஆடவில்லை, ஏனென்றால் அவர் கறுப்பினத்தவர். கறுப்பினத்தவரை மேஜர் லீக்குகள் சேர்க்கவில்லை. அவர்களுக்கென்று தனியாக நீக்ரோ லீக்குகள் என்று பெயர் வைத்து நடந்தது. 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் அந்தச் சுவரை உடைத்தார். அடுத்த வருஷம் பேஜ் உள்ளே வந்தார். அந்த அரை சீசனில் 6 வெற்றி, 1 தோல்வி. கிளீவ்லேண்ட் அந்த வருஷம் கோப்பையும் வாங்கியது. 1965-ல் 59 வயசில்கூட ஒரு ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் எறிந்தார்.

இதை ‘தாமதமாகப் பூத்தவர்’ கதையாகச் சொல்வார்கள். அது தப்பு. அவர் தாமதமாகப் பூக்கவில்லை, இருபது வயதிலேயே பூத்துவிட்டார். தாமதமாகக் கதவைத் திறந்தது மற்றவர்கள்.

உண்மையிலேயே தாமதமாகப் பூத்த ஆள் வேறொருவர், டாஸி வான்ஸ். வெள்ளையர், கதவு திறந்துதான் இருந்தது. 1915-ல் மேஜர் லீக்கில் எட்டிப் பார்த்தார். கை வலி. ஜெயிக்கவே இல்லை, கீழ் லீக்குகளில் சுற்றினார். 1920-ல் கைக்கு வைத்தியம் பார்த்த பிறகு 1922-ல், 31 வயசில், புரூக்ளினுக்காக முதல் வெற்றி. அந்த வருஷமே 18 வெற்றி. 1922 முதல் 1928 வரை தொடர்ந்து ஏழு வருஷம் தன் லீக்கில் அதிக ஸ்ட்ரைக்-அவுட் இவருடையது. 1924-ல் 28 வெற்றி.

வான்ஸின் கதை உடம்பின் கதை, பேஜின் கதை சமூகத்தின் கதை, ரங்காச்சாரியின் கதை காலத்தின் கதை. மூன்றையும் ‘லேட்டா ஜெயிச்சவங்க’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் காரணம் எல்லாம் மறைந்துபோகும். பேஜுக்கு நடந்ததையும் ரங்காச்சாரிக்கு நடந்ததையும் நான் ஒன்றாக்கவில்லை. நிற வெறி மனிதன் வேண்டுமென்றே கட்டிய சுவர். அதற்கு நம்ம ஊர் இணை தேட வேண்டுமென்றால் பல்வங்கர் பாலுவைத்தான் பார்க்கணும். தலித். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்த சுழற்பந்து வீச்சாளர். ஹிந்துக்கள் அணியில் இத்தனை வருஷம் ஆடியும் அவருக்குக் கேப்டன் பதவி தரவில்லை. இந்தியா முதல் டெஸ்ட் ஆடும்போது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

பூஜ்யம் வேறு, நல் வேறு

இங்கே என் தொழிலிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது: பூஜ்யம் வேறு, ‘நல்’ வேறு. (நல்ல என்பதில் வரும் நல் இல்லை, இது வெற்றிடம்.) ஒரு பையன் கணக்குப் பரீட்சை எழுதி முட்டை வாங்கினால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம். பரீட்சையே நடக்கவில்லையென்றால் அந்தக் கட்டம் நல். தெரியாமல் நல்லைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு சராசரி போட்டால் ரிப்போர்ட் மொத்தமும் தப்பாக வரும். என் அனுபவத்தில் இந்தத் தப்பைச் செய்யாத புரோகிராமரே கிடையாது. நானும் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

ராம்சிங்கின் டெஸ்ட் விக்கெட் எண்ணிக்கை பூஜ்யம் இல்லை, நல். ரங்காச்சாரியின் 22 முதல் 31 வயசு வரைக்குமான கட்டங்கள் அத்தனையும் நல். நாம் அவற்றைப் பூஜ்யமாக வாசிக்கிறோம்.

அமெரிக்கர்கள் இதில் ஒரு வேலை செய்தார்கள். 2020 டிசம்பரில் நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீக்குகள் என்று அங்கீகரித்தார்கள். 2024 மே மாதம் அந்தப் புள்ளிவிவரங்களை அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்த்தார்கள். வாழ்நாள் பேட்டிங் சராசரியில் இத்தனை வருஷமும் முதலிடத்தில் இருந்த டை காப் இறங்கி, ஜோஷ் கிப்சன் .372 என்று மேலே வந்தார். கிப்சன் 1947 ஜனவரியிலேயே இறந்துவிட்டார், ராபின்சன் சுவரை உடைக்க மூன்று மாசம் இருக்கும்போது. இழந்தது திரும்பாது. ஆனால் வெற்றுக் கட்டத்தில் இருந்த தப்பான பூஜ்யத்தை அழித்தார்கள். அது முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: யாரோ சிலர் பழைய ஊர்ப் பத்திரிகைகளைத் தோண்டி, ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரையும் வருஷக்கணக்காக எழுதி வைத்தார்கள்.

சரி, திறமை வெளிய வந்துருமா?

இந்தக் குழியைத் தாண்டி ஜெயித்தவர்களும் உண்டு. ஹசாரே 31 வயசில் முதல் டெஸ்ட் ஆடியும் பெரிய பெயர் எடுத்தார். விஜய் மெர்ச்சண்ட் 1933-லிருந்து 1951 வரை, பதினெட்டு வருஷத்தில் பத்தே டெஸ்ட், கடைசி டெஸ்டில் 40 வயசில் 154. வருண் சக்கரவர்த்தி 33 வயசில் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடி, மறுமாசமே, 2025 மார்ச்சில், சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42-க்கு 5 எடுத்தார். இவர்களைக் கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் இவர்களைக் காட்டி "திறமை இருந்தா வெளிய வந்துரும்" என்று சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வெளியே வந்தவர்கள் மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். வராதவர்கள் பட்டியலிலேயே இல்லை, எண்ணவும் முடியாது. அதோடு அந்த வாக்கியத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு: ‘வெளிய வரலையா? அப்ப திறமை இல்ல.’ வாயால் சொல்ல மாட்டோம், கேட்கிறவருக்குக் கேட்டுவிடும். டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போன அண்ணனுக்குக் கேட்ட மாதிரி.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லணும். நல் என்றால் ‘பெரிய ஆளாக வந்திருப்பார்’ என்றும் அர்த்தம் இல்லை. ரங்காச்சாரி 1940-ல் டெஸ்ட் ஆடியிருந்தால் நூறு விக்கெட் எடுத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பரீட்சை நடக்கவில்லை, அவ்வளவுதான். முட்டை போடவும் நமக்கு உரிமை இல்லை, நூறு போடவும் உரிமை இல்லை.

போன வாரம் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். நல், பூஜ்யம், பெர்லின், ஓவல் எல்லாம். பொறுமையாகக் கேட்டார். ரங்காச்சாரி பேரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அடிலெய்டில் நாலு விக்கெட் என்றதும், "பிராட்மேன் டீமுக்கா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசியில், "அப்போ என் கணக்குல முட்டை இல்லைங்கிற" என்றார்.

"இல்லண்ணே. காலியா இருக்கு."

"காலியா இருக்கட்டும்பா. முட்டைக்கு அது தேவலாம்" என்று சிரித்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் கிளப்பிலோ மில் அணியிலோ பள்ளிக்கூடத்திலோ பழைய ஸ்கோர் நோட்டு ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, ஆட்டம் நடந்த தேதியோடு பத்திரப்படுத்தி வையுங்கள். அந்தக் கட்டங்களில் சிலதையாவது நிரப்ப அதை விட்டால் வேறு வழி இல்லை. எங்கள் தெரு அணியின் நோட்டைத் தேடி நான் ஆரம்பித்துவிட்டேன். ஒருத்தர் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். கிடைத்தால் அடுத்த பதிவில் எழுதுகிறேன்.